விவசாயத்துக்கு ஒரு போர்ட்

என் கணவர் வளைகுடாவில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறார். நான் குன்றாண்டார்கோவில் ஒன்றிய அலுவலகத்தில் தபால் பிரிவு எழுத்தர். வீட்டில் என்னோடு இருப்பது என் மாமனார் மட்டும்தான். ஊருக்கு மேற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் உண்டு. அதில் சீமைக்கருவேலம் செழிப்பாக வளர்கிறது. மழை ஏமாற்றுகிறது, கண்மாய் நிறைவதில்லை என்று சொல்லி என் கணவர் விவசாயத்தை விட்டு விமானம் ஏறியபோது, மாமனார் வாசல் வரைக்கும்கூட வரவில்லை. அதிலிருந்து அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதெல்லாம் என் வழியாகத்தான். “சாப்பிட்டானான்னு கேளு ஆத்தா” என்பார் மாமனார். “சாப்பிட்டேன்னு சொல்லு” என்பார் இவர். போனில் ஸ்பீக்கர் போட்டிருந்தாலும் இதே முறைதான்.

இப்படி விவசாயமே வேண்டாம் என்று போனவர், அங்கே போன இரண்டாவது வருடம் மறுபடி விவசாயத்தில் இறங்கினார். கம்ப்யூட்டர் விளையாட்டில். அறை நண்பர் ஒருவர் பழக்கிவிட்டாராம். உழுவது, விதைப்பது, அறுப்பது, டிராக்டரைக் கழுவுவது வரைக்கும் எல்லாம் உண்டு. உரக்கடைக்காரர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. விளைந்ததை உடனே விற்றுவிடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறையில் இவர் நாள் முழுக்க வயலில் கிடப்பார். அது தெரியாமல் மாமனார் மேற்கே கருவேலங்காட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

பிரச்சினை எப்படி வந்ததென்றால், இவர் தன் மடிக்கணினியிலிருந்து விளையாடினாலும் அந்த வயல் நண்பரின் மடிக்கணினியில் இருந்தது. அவர் விடுப்பில் ஊருக்குப் போகும்போது கணினியையும் கொண்டுபோய்விட்டார். இவருடைய நாற்பது ஏக்கர் கோதுமை விளைந்து நிற்கிறது. உள்ளே போக வழியில்லை. அன்றைக்கு எனக்குப் போன் செய்தபோது இவர் குரலே சரியில்லை. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

“இனிமே அடுத்தவன் எடத்துல வெள்ளாம பண்ணக் கூடாதும்மா. நம்ம வயலு நம்ம வீட்டுலதான் இருக்கணும்” என்றார்.

நான் துறைத் தேர்வுக்குப் படிக்க வாங்கிய கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. அதில் வயலை வைத்து, இவர் வேலையில் இருக்கும்போதும் பயிர் வளரும்படி எந்நேரமும் ஓடவிட வேண்டும்; இவர் அங்கிருந்து தன் மடிக்கணினியில் உள்ளே வருவார். “ஒரு சின்ன வேலைதான். ரூட்டர்ல ஒரு போர்ட்ட மட்டும் தெறந்து விடு.”

போர்ட் என்றால் என்ன என்று இவர் விளக்கியது எனக்குப் புரியவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன். வெளியிலிருந்து ஒரு தபால் வந்தால் அதை எந்தப் பிரிவு எழுத்தரின் மேசைக்கு அனுப்புவது என்று நான் தினமும் எழுதிப் போடுகிறேன். ரூட்டரும் ஒரு தபால் பிரிவுதான். இந்த எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் இந்தக் கணினிக்கு அனுப்பு என்று அதனிடம் சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கும் இவ்வளவு கண்டிப்பு கிடையாது.

சனிக்கிழமை காலை பிரிட்ஜ் மேலிருந்து ரூட்டரை இறக்கித் தூசி தட்டினேன். அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல் வேலை செய்யவில்லை. இணைப்புக் கொடுத்தவருக்குப் போன் செய்தேன். கீரனூர்ப் பக்கத்திலிருந்து பைக்கில் வந்து போகிறவர். சுற்றுவட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு அவர்தான் இன்டர்நெட்.

“அதுக்குள்ளல்லாம் ஏங்க்கா போறீங்க? யாரும் போறதில்லையே” என்றார்.

“கடவுச்சொல் மட்டும் சொல்லுங்க தம்பி.”

கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். அவருடைய போன் நம்பர். எல்லா வீட்டுக்கும் அதுதானாம். மறந்துபோகாதில்லையா என்றார்.

உள்ளே போனேன். கணினிக்கு வீட்டுக்குள் ஒரு நிலையான எண் கொடுத்தேன். போர்ட் பகுதியில் இவர் வாட்ஸப்பில் அனுப்பிய எண்ணை இரண்டு கட்டத்தில் நிரப்பிச் சேமித்தேன். கணினியின் பாதுகாப்புச் சுவரிலும் அனுமதி கொடுத்தேன். ஆனால் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் இணையப் பக்கம், மூடியிருக்கிறது என்றே சொன்னது. அதற்கடுத்த இரண்டு வாரமும் மாலையில் அலுவலகம் விட்டு வந்ததும் இதே வேலை. ஸ்பீக்கரில் இவர் கத்துவார்.

“போர்ட்டு என்னாச்சு?”

“இன்னைக்கும் பெயிலுதாங்க.”

“அப்ப வேற எடத்துல போட்டுப் பாரு!”

இடம் என்று இவர் சொன்னது வேறு எண்ணை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த மாமனாருக்கு அது அப்படிக் கேட்கவில்லை.

ஒருநாள் இணைப்புக்காரரையே வீட்டுக்கு வரவழைத்தேன். திரையைப் பார்த்தவர் தலையைச் சொறிந்தார். “அக்கா, நீங்க போட்டதுல தப்பில்ல. இந்த ரூட்டருக்கு வந்திருக்கிறது வெளி விலாசமே இல்ல. நம்ம ஏரியாவுக்கே சேத்து வெளிய ஒரே விலாசந்தான். அதுல போயி ஒங்க வீட்டக் கேட்டா யாருக்குத் தெரியும்?”

அதாவது வெளியுலகத்தைப் பொறுத்தவரை என் வீடு, ரேஷன் கடை, தலைமையாசிரியர் வீடு எல்லாம் ஒரே வீடு. எனக்கென்று தனி விலாசம் வேண்டுமானால் புதுக்கோட்டையில் உள்ள அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. இருபது வருடமாக விண்ணப்பம் வாங்குகிறவள் நான். எதை எழுதினால் கோப்பு நகரும் என்று தெரியும். ‘விவசாயம்’ என்று எழுதினேன்.

மூன்றாம் நாள் அங்கிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். “மேடம், விவசாயத்துக்கு எதுக்கு மேடம் பப்ளிக் ஐ.பி.? ட்ரோன் ஏதும் விடுறீங்களா?”

“வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்கார். அங்க இருந்தே வயலைப் பாத்துக்கணும்.”

“சூப்பர் மேடம்” என்றாள். பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

விலாசம் வந்து சேருமுன், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறொருவர் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, கையில் உரித்த தேங்காய். மாமனார் அவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்.

“தம்பி போர் போடச் சொல்லிட்டாராம்ல. ரெண்டு எடத்துல பெயிலாமே? என்னயக் கேக்காம யாருங்க பாயிண்டு பாத்தது?” என்று என்னிடம் கோபப்பட்டார். ஆழ்துளைக் கிணற்றுக்கு நீரோட்டம் பார்க்கிறவர்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. மாமனாரைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் கைகள் இரண்டிலும் கீறல். இத்தனை நாளும் காலையில் வெள்ளனவே அரிவாளோடு எங்கே போகிறார் என்று நான் கேட்டதே இல்லை.

“போர் வண்டி உள்ள வரணும்ல. அதான் ரோட்டுலருந்து வழி வெட்டிக்கிட்டிருந்தேன்” என்றார். “சொல்லுவான் சொல்லுவான்னு பாத்தேன். எங்கிட்டத்தான் பேச மாட்டானே.”

வந்தவருக்குக் காப்பி கொடுத்து, வேறு ஒரு நாள் சொல்கிறோம் என்று அனுப்பி வைத்தேன். பிறகு மாமனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போர் இல்லை, போர்ட். வயல் இல்லை, விளையாட்டு. அவர் என்னைத் திட்டவில்லை. அரிவாளை எடுத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, அன்றைக்கு மத்தியானம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

நடந்ததை இவரிடம் போனில் சொன்னேன்.

“எவ்வளவு தூரம் வெட்டிருக்காரு?” என்று கேட்டார்.

“முக்காவாசி.”

“போனை அப்பாட்ட குடு.”

என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

அந்த வாரமே தனி விலாசம் வந்தது. போர்ட்டும் திறந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு மனித உருவம் எங்கள் வீட்டுக் கணினித் திரையில் வரப்பே இல்லாத வயலுக்கு நடுவே வந்து நின்று கையாட்டியது. என் கணவர்தான்; போனிலும் ஸ்பீக்கரில் இருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு மாமனார் உட்கார்ந்தார். மகனைப் பார்த்த மகிழ்ச்சி முகத்தில் இரண்டு நிமிடம் இருந்தது.

“ஏன்டா, வரப்பு எங்க?”

“வரப்பெல்லாம் தேவையில்லப்பா இதுல.”

“தண்ணி?”

“அதுவா வெளைஞ்சிரும்.”

“அதுவா வெளையுதா!” மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இதுக்கு இவன் எதுக்கு ஆத்தா?”

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் வருவதற்கு முன்பே கணினி முன்னால் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். மேய்ச்சலுக்கு விடாமல் மாட்டை ஏன் அடைத்து வைத்திருக்கிறாய், டிராக்டரை ஏன் வெயிலில் நிறுத்தியிருக்கிறாய் என்று வாரா வாரம் ஒரு குற்றப்பத்திரிகை. இவரும் அங்கிருந்து எதிர்வாதம் செய்வார். எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது.

சித்திரையில் இவர் விடுப்பில் வந்தார். வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கிற மாதத்தில் விவசாயம் செய்ய வந்த ஒரே ஆள் இவராகத்தான் இருக்கும். இரண்டு பேருமாக மண் அள்ளும் வண்டியை வைத்துப் பாதி நிலத்தைச் சுத்தம் செய்தார்கள். முதல் நாளே இவர் காலில் முள் ஏறிவிட்டது. ஊக்கை வைத்து நான் எடுத்துக்கொண்டிருந்தபோது, “கேம்ல முள்ளே கிடையாதும்மா” என்று முனகினார். நாற்பது நாள் முடிந்து கிடங்குக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மழை பெய்ததும் மாமனார் அங்கே உளுந்து விதைத்தார். முளைத்து, பூத்து, காய் பிடிக்கும் நேரத்தில் மயில்கள் கூட்டமாக இறங்கிக் கால்வாசியைத் தின்றுவிட்டன. போனில் அதைச் சொன்னபோது இவர் ஆச்சரியப்பட்டார்.

“மயிலா? என் வயல்ல அதெல்லாம் வர்றதே இல்லியேப்பா.”

“ஒனக்கென்னடா, போர்ட்டத் தெறந்தா நீ மட்டுந்தான் வார” என்றார் மாமனார். மறுநாள் விடிந்ததும் பழைய தகரம் ஒன்றைத் தட்டிக்கொண்டு வயலில் நின்றார்.