வேலின் நுனிகள்

கத்திக்கு முகம் உண்டு என்பதைக் கடைசிவரை முதலாளிக்கு என்னால் விளங்கப்படுத்த முடியவில்லை. சாவகச்சேரியில் விளம்பரப் பலகைகளும் கோயில் அலங்காரங்களும் செய்யும் பட்டறை அவருடையது. கம்பியூட்டர் மெஷினில் பலகை வெட்டும்போது சுழலும் முனை எந்தப் பக்கம் போனாலும் வெட்டும். தடித்த ஃபோம் ஷீற்றுக்குக் கத்தி பூட்டினால் கதை வேறு. கத்தி போகிற திசையைப் பார்த்தபடியே போகவேண்டும். வளைவில் கூடவே திரும்பவேண்டும். கூரான மூலை வந்தால் அதை மேலே தூக்கி, திருப்பி, மறுபடி இறக்கவேண்டும். இவ்வளவையும் மெஷினுக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. முட்டி மோதி நானாகப் படித்தது.

முதலாளியின் தமக்கை மகன் வெளிநாடு போக வெளிக்கிட்டு, அது சரிவராமல் பட்டறைக்கு வந்து சேர்ந்தான். மெஷினுக்கு ஒரு ஆள் போதும் என்றார் முதலாளி. தொண்டைமானாற்று மடமொன்றின் ஆட்கள் வாசல் வளைவுக்கு ஃபோமில் வேல்கள் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு வேலுக்கும் சுற்றிவரத் தீ நாக்குகள், எல்லாம் கூர் நுனிகள். ஆளுக்கொன்று வெட்டவேண்டும், வென்றவருக்கு மெஷின், தோற்றவருக்கு ஒட்டுகிற மேசை என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

அவன் கத்தியைத் தூக்காமல் நின்ற இடத்திலேயே திருப்பினான். நுனிகள் எலி கடித்ததுபோலப் பிய்ந்து கிடந்தன. என்னுடையவை தொட்டால் குத்தும். அவன் முகத்துக்கு நேரே சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன்.

முதலாளி நுனிகளைப் பார்க்கவேயில்லை. கைத்தொலைபேசியில் நேரத்தைப் பார்த்தார். ஒவ்வொரு நுனியிலும் தூக்கி இறக்கியதில் என்னுடையது பிந்திவிட்டது.

"மடத்துச் சனம் ஏணி வைச்சே பாக்கப்போகுது, பிள்ளை? பெயின்ற் அடிச்சா எல்லாம் ஒண்டுதான்" என்றார். பிறகு, "பொம்பிளைப் பிள்ளைக்கு ஒட்டிறதுதான் வடிவு" என்றார். அந்த மனிதரை அந்த இடத்திலேயே வெறுத்தேன்.

பெயின்ற் அடித்தபோது பிய்ந்த இடங்கள் இன்னும் அசிங்கமாகத் தெரிந்தன. அவற்றைச் சரிப்படுத்தும் வேலை என் மேசைக்குத்தான் வந்தது. அவன் பிய்க்கப் பிய்க்க, நான் வெள்ளைப் பசையை அப்பி, காயவிட்டு, தேய்த்துத் தேய்த்து ஒவ்வொரு நுனியையும் கையால் கூராக்கினேன். விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே.

மடத்து ஆட்கள் வேல்களை ஏற்ற வந்தார்கள். மூத்தவர் ஒருவர் நுனியில் விரலை வைத்துப் பார்த்து, என்ன கூர் என்று வியந்தார்.

"மருமகன் வெட்டினது. முழுக்க மெஷின், ஒரு கை படேல்லை" என்றார் முதலாளி.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் வெட்கமில்லாமல் தலையாட்டினான். நகத்துக்குள் இறுகியிருந்த பசையைச் சுரண்டிக்கொண்டு நான் பின்னால் நின்றேன். முதலாளி திரும்பினார்.

"பிள்ளை, கையைக் கழுவிப்போட்டு இவையளுக்குத் தேத்தண்ணி ஊத்து."

கழுவினேன். பசை போகவில்லை. அந்தக் கையாலேயே ஊற்றிக் கொடுத்தேன்.