தம்பி வண்டி

மூடுபனிக்குள் முதலில் அதன் முக்கல் முனகல்தான் கேட்கும்; பிறகு மருந்து நெடி வரும்; கடைசியாகத்தான் தோட்டத்து ஆம்புலன்ஸ் மேடேறிக் கண்ணில் படும்.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாய் ஒட்டிய எங்கள் லயத்தில் எந்த வண்டியும் சொந்தப் பெயரில் ஓடியதில்லை. கள்ளச்சாராயம் பிடிக்க வரும் பொலிஸ் ஜீப், "கசிப்பு ஜீப்பு". கண்டி டவுனில் எப்போதோ பார்த்த, தண்ணீர் ஏற்றும் பவுசர் போன்ற தீயணைப்பு வண்டி, கோயிலில்கூட அத்தனை மணி அடிக்கக் கேளாததால், "மணி பவுசர்". ஆம்புலன்ஸ் வெள்ளைதான், ஆனால் "வெள்ளை வேன்" என்று வாய் தவறிச் சொன்னாலும் பெரியவர்கள் அதட்டுவார்கள், ஆளைக் கொண்டுபோய்த் திருப்பி விடாத வண்டிக்கு அந்நாட்களில் அந்தப் பெயர் இருந்தது. எங்களுடையதோ பிள்ளைத்தாச்சிகளைக் கண்டி பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிப்போய், கையில் குழந்தையோடு கொண்டுவந்து இறக்கும் வண்டி. ஆகவே அது "தம்பி வண்டி". தங்கச்சி வந்தாலும் பெயர் மாறாது. நாங்கள் கூச்சலிட்டுக்கொண்டு கூடவே ஓடுவோம்; குழந்தையின் அப்பா கற்கண்டு கொடுப்பார்.

எனக்கு ஏழு வயதில் அம்மா அதில் ஏறிப் போனாள். தம்பிக்கு நானே பெயரும் வைத்துவிட்டு, பனிக்குள் முனகல் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். ஒருநாள் வந்தது. கத்திக்கொண்டு ஓடினோம். அம்மா வெறுங்கையோடு இறங்கினாள். குழந்தை பிறந்து தங்கவில்லை. அப்பா யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். நீட்டிய கைகளை ஒவ்வொருவராக மடக்கிக்கொண்டோம். எனக்கு அந்த வண்டியைக் கல்லால் அடிக்க வேண்டும் போலிருந்தது.

அதன்பிறகு யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து, பக்கத்துக் காம்பராச் செல்விக்கா பிள்ளை பெற்றுத் திரும்பிய அன்று, வண்டி மேடேறும் சத்தம் கேட்டும் பிள்ளைகள் எங்கள் வாசலைப் பார்த்தபடி ஊமையாய் நின்றார்கள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அம்மா வெளியே வந்தாள்.

"என்னா, எல்லாருக்கும் வாயில கொழுக்கட்டையா? தம்பி வண்டி வருது, ஓடுங்க!"

சொல்லிவிட்டு முன்னால் அவளே நடந்தாள்.

இப்போது தோட்டத்தில் அந்த வண்டி இல்லை. போன் எடுத்தால் புது ஆம்புலன்ஸ் வருகிறது. பிள்ளைகளும் அதை ஆம்புலன்ஸ் என்றே சொல்கிறார்கள். பட்டப்பெயர் வைத்த நாங்கள் கொழும்பு, டுபாய் என்று சிதறிவிட்டோம். அம்மா கண்டியில் என்னோடு இருக்கிறாள். வீதியில் சைரன் கேட்டால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் யாருக்கு என்னவோ என்று பதறுகிறார்கள். அம்மா மட்டும், "யாரு வீட்டுக்கோ தம்பி வரப்போறான்" என்கிறாள். பெரும்பாலும் அது மாரடைப்பாகவோ விபத்தாகவோ இருக்கும். நான் திருத்துவதில்லை.