பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாத காடு

என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கோலாலம்பூரில் வேலை செய்யும் மகள், "ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கெடக்காதீங்க" என்று சொல்லி, தெலுக் பகாங் பக்கத்துக் காட்டுக்கு வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவில் எங்களைப் பதிந்துவிட்டாள். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருந்தார். எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. காட்டுக்குள் ஏதாவது ஆனால் யார் தூக்கி வருவது? நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை இருக்கிறதா என்று, காரில் போகும் வழியெல்லாம் கைப்பையைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காட்டின் வாசலில் மலாய்க்காரர்களின் காவல் தெய்வமான டத்தோவுக்கு மஞ்சள் பூசிய சின்னக் கோயில், பக்கத்தில் முனியாண்டிக்கு ஒரு சூலம். வனவிலங்குச் சரணாலயம் என்ற பலகை வருவதற்கு முன்பே, இந்த இருவருக்கும் பயந்து யாரும் அங்கே மரம் வெட்டவில்லையாம். வழிகாட்டி நாற்பது வயதுத் தமிழர்.

"உள்ள போறதுக்கு முன்னால இவங்ககிட்ட மனசுக்குள்ள ஒரு வார்த்தை உத்தரவு கேட்டுக்குங்க. அப்புறம், காட்டுக்குள்ள யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. வேற எதாச்சும் அந்தப் பேரைக் கேட்டு வச்சுக்கும்னு இங்க ஒரு நம்பிக்கை."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாதை மேடாகவே போனது. என் கணவர் முன்னால், நான் பின்னால். சட்டையின் முதுகு நனைவதைப் பார்த்தபடியே நடந்தேன்.

"மூச்சு வாங்குதா?"

"இல்ல."

"கொஞ்சம் உக்காருறீங்களா?"

"வேணாம்."

ஓரிடத்தில் வழிகாட்டி கையை உயர்த்தினார். மரப்பட்டையோடு பட்டையாக ஒரு குபோங் ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்துக்கு மரம் தாவி மிதக்கும் பிராணி. அதன் வயிற்றுப் பக்கம் குட்டியின் முகம் எட்டிப் பார்த்தது. எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். நானும் அண்ணாந்து பார்த்தேன். தலையைக் குனிந்தபோது இவரைக் காணவில்லை.

மாத்திரை என்னிடம் இருக்கிறது, மனிதர் இல்லை.

"என்னங்க!" என்று கத்தினேன். கூட்டத்தில் மூன்று ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவரை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

"பதறாதீங்க லா அக்கா. ஒரே பாதைதான், என்னையத் தாண்டிப் போகல, பின்னாலதான் எங்கயாச்சும் இருப்பாரு" என்று வழிகாட்டி என்னோடு வந்த வழியே திரும்பி நடந்தார். நான் நடக்கவில்லை, ஓடினேன். வேர் தடுக்கி ஒரு முழங்கால் சேறானது.

வளைவுக்கு அப்பால், ஒரு பெரிய மரத்தின் பின்பக்கம், வேர்மேல் உட்கார்ந்திருந்தார். முகத்தில் வேதனை எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும்தான் முகம் மாறியது.

"வலிக்குதா? சொல்லுங்க, வலிக்குதா?"

"ஒன்னுமில்ல. சும்மா உக்காந்திருந்தேன்."

"சொல்லிட்டு உக்காரக் கூடாதா?"

வழிகாட்டி நாசூக்காகச் சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"மூணு மாசமா நீ என்னையப் பாத்துக்கிட்டே இருக்க. தூங்குனா பாக்குற, சாப்டா பாக்குற. துறைமுகத்துல முப்பது வருசம் கிரேன் மேல ஒத்தையா உக்காந்தவன் நான். கொஞ்ச நேரம் யாரும் பாக்காம இருக்கணும்போல இருந்துச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சுவதுபோல் சொன்னார். மாத்திரைப் புட்டியை எடுத்து அவர் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"நீங்க முன்னால போங்க. நான் மெதுவா வர்றேன்."

அவர் போனார். அவர் முதுகு மரங்களுக்குள் மறைந்து, தெரிந்து, மறுபடி மறைந்தது. ஒவ்வொரு முறை மறைந்தபோதும் என் கால்கள் தாமாக வேகமெடுத்தன. பிடித்து நிறுத்தி நிறுத்தித்தான் நடந்தேன்.

வெளியே வந்ததும், அடுத்த மாதம் இதைவிட நீளமான பாதையில் ஒரு நடை இருப்பதாக வழிகாட்டி சொன்னார். "ஒரு ஆள்" என்று இவர் தன் பெயரை மட்டும் கொடுத்தார். நான் முழங்காலில் காய்ந்த சேற்றை உதிர்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த மாதம் அவர் அந்த நடைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை, நான் வீட்டில் குளிர்பெட்டியைத் துடைத்தேன். மடித்த துணிகளையே பிரித்து மறுபடி மடித்தேன். பசாருக்குப் போய் எதற்குப் போனேன் என்று மறந்து திரும்பி வந்தேன். மாலையில் அவர் காலுறையில் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்து நின்றார். இருவாச்சிகள் பறந்தனவாம், இறக்கைச் சத்தம் ரயில் வருவதுபோல் கேட்டதாம். நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் காலைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.