கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர்

மோசஸ் அண்ணன் இறந்துவிட்டார் என்று அவர் மனைவி ரூத் அக்கா போன் செய்தபோது, நான் ஈப்போவில் ஓர் எழுதுபொருள் கடையில் நின்றுகொண்டிருந்தேன். என் கூடையில் பசை, தங்க நிறப் பெயிண்ட், சின்னப் பிள்ளைகளுக்கான மொட்டைமுனைக் கத்தரிக்கோல். மறுவாரம் எங்கள் சபையில் பிள்ளைகளோடு சேர்ந்து கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரம் செய்யத் தொடங்க வேண்டும். சாமான் பட்டியலை எழுதிக் கொடுத்தவரே அவர்தான். "காலையில தேத்தண்ணி குடிச்சாருலா டீச்சர். கிளாஸக் கழுவி வச்சாரு. நாற்காலியில உக்காந்தாரு. அவ்வளவுதான்," என்றார் அக்கா. "சரிக்கா, வாரேன்" என்றேன். கூடையை என்ன செய்வதென்று தெரியவில்லை. வரிசையில் நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தேன். காடியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அழுகை வந்தது.

சபையில் அவரோடு பழகியவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர் ஈப்போவில் சிலிபின் பக்கம் ஒரு டயர் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். நான் பிறந்ததும் தோட்டம்தான், செமோர் பக்கம். பதினெட்டு வருடம் நாங்கள் இருவரும் ஞாயிறு பள்ளியை நடத்தினோம். வேதப்பாடம் என் பொறுப்பு, கைவேலை அவர் பொறுப்பு. சண்டைக்கு இரண்டு பேரும் பொறுப்பு. என் வாய் எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். அந்த மனுஷன் எப்படித் தாங்கினார் என்று இப்போது யோசித்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

கடையில் கழித்துப் போடும் லாரி டியூபை அவர் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, சுருட்டிக்கொண்டு வருவார். பிள்ளைகள் அதில் சாக்பீஸால் வரைவார்கள். நட்சத்திரம், மணி, ஆட்டுக்குட்டி. பிறகு வெட்டுவார்கள், பெயிண்ட் அடிப்பார்கள், ஓட்டை போட்டு நூல் கோப்பார்கள். ஆட்டுக்குட்டி பெரும்பாலும் பன்றி மாதிரி இருக்கும். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று: "செஞ்ச கைதான் தொங்கவிடணும். பெரியவங்க தொடக்கூடாது." அந்தச் சட்டம் யாருக்காகப் போடப்பட்டது என்று எல்லாருக்கும் தெரியும். கோணலாக எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது. அடுத்தவர் வீட்டுக் காலண்டரையே நேராக்கிவிட்டு வருகிறவள் நான்.

அவரும் தப்பு செய்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் டியூப் கிடைக்கவில்லை. செமோர் பக்கம் வீடு கட்ட அழிக்கப்போகிற ஒரு பழைய தோட்டத்துக்குப் போய், ஒரு சாக்கு நிறைய ரப்பர்க் காய் பொறுக்கி வந்தார். முழுக் காய், வெடிக்காதது. பிள்ளைகள் வெள்ளிப் பெயிண்ட் அடித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, மரம் ஜொலித்தது. ஆலயத்தில் அப்போதுதான் ஏர்கான் போட்டிருந்தார்கள். ஈரம் போய்க் காய் நன்றாகக் காய்ந்துவிட்டது. ஞாயிறு ஆராதனையில் போதகர் சமாதானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது முதல் காய் 'டப்' என்று வெடித்தது. அப்புறம் இரண்டு, அப்புறம் வரிசையாக. ஒரு விதை பறந்துபோய் சபைச் செயலாளரின் நெற்றியில் பட்டது. பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் விழுந்து சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "தோட்டத்துல பொறந்தவருதானே அண்ணே நீங்க? காய் வெடிக்கும்னு தெரியாதா?" அவர் தலையைச் சொறிந்தார். "மரத்துல வெடிக்கும்னு தெரியும் டீச்சர். கோயிலுக்குள்ள வந்தா அடக்கமா இருக்கும்னு நெனச்சேன்லா." அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்களுந்தான தோட்டத்துல பொறந்தீங்க? பெயிண்ட் அடிக்கறப்ப பக்கத்துலதான இருந்தீங்க?" என்றார். வெடிக்கும் காயை விளையாட்டாகக் காதருகே பிடித்து வளர்ந்தவள் நான். ஒரு மாதம் முழுக்க அது ஞாபகத்துக்கே வரவில்லை.

பிள்ளைகள் வேலை செய்யும்போது அவர் மேசையைச் சுற்றி நடப்பார். கை இரண்டையும் பின்னால் கட்டியிருப்பார். தோட்டத்தில் கிராணி அப்படித்தான் ஆள் கணக்குப் பார்க்க நடப்பார் என்பதால், "பெரிய கிராணி வந்துட்டாரு" என்று சபையில் பெரிசுகள் கிண்டல் செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். தோரணைக்காகத்தான் அப்படி நடக்கிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஷாமினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு ஏழு வயது. அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து நேரே ஆலயத்துக்கு வருவார், அதுவும் பாதி ஆராதனையில். கடைசி பெஞ்சில்தான் இடம் கிடைக்கும். அந்த வருடம் ஷாமினி டியூபில் ஒரு நட்சத்திரம் வெட்டினாள். ஐந்து முனை. நாலு சரியாக இருந்தது, ஐந்தாவது மட்டும் விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் நான் தனியாக இருந்தேன். என் கண்ணுக்கு அந்த முனை மட்டும்தான் தெரிந்தது. கத்தரிக்கோலை எடுத்து மற்ற நாலுக்குச் சமமாக வெட்டிவிட்டேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அவள் அம்மா மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஒன்னுது எதும்மா? நீளக்கால் வச்சிருக்கேன், பின்னாலேருந்தே தெரியும்னு சொன்னியே, நான் ஆராதனை பூரா தேடினேன்லா." ஷாமினி தன் நட்சத்திரத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்த தன் பெயரைப் பார்த்தாள். "இது என்னுது இல்ல," என்று சொல்லி மறுபடியும் கிளையில் வைத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

மோசஸ் அண்ணன் என்னைத் திட்டவில்லை. "நீங்கதான் போகணும் டீச்சர்," என்றார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் போய் நான் மன்னிப்புக் கேட்பதா, சின்ன முனைக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா என்று கத்தினேன். அவர் நான் முடிக்கும்வரை நின்றார். "நான் வேன்ல கொண்டு விடுறேன். ஏறுங்க, போலாம்," என்றார்.

அவர்கள் அடுக்குமாடி வீட்டில் நாலாவது மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றேன். ஷாமினி கதவருகில் நின்றாள். "நான்தான் வெட்டுனேன்மா. கேக்காம வெட்டுனது தப்பு. மன்னிச்சுக்கோ," என்றேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "வெட்டுன துண்டு எங்க டீச்சர்?" அதை நான் அன்றைக்கே குப்பையோடு கூட்டித் தள்ளியிருந்தேன்.

பின்னாலிருந்து மோசஸ் அண்ணன் தன் சட்டைப்பையில் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தார். குப்பை முறத்தில் பார்த்து எடுத்து வைத்தாராம், இரண்டு வாரமாகச் சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி மாற்றி வைத்தாராம். இன்னொரு பையிலிருந்து நட்சத்திரம், பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், ஒரு துண்டு உப்புத்தாள். எல்லாவற்றையும் தரையில் வைத்தார். ஈப்போ லாரிக்காரர்கள் பாதிப்பேருக்குப் பஞ்சர் ஒட்டின கை அது. ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ரெண்டு பக்கமும் தேய்ம்மா. தடவு. கொஞ்சம் காய விடு. இப்ப அமுக்கு," என்று வாயால் மட்டும் சொன்னார். ஷாமினியே ஒட்டினாள். முனை நேராக நிற்கவில்லை, ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. என் கை அதை நோக்கி நீண்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

இறங்கி வரும்போது படியில் கேட்டேன், "ஒங்களுக்கு மட்டும் எப்படிண்ணே கை அடங்குது?" அவர் சிரித்தார். "எங்க அடங்குது? எனக்கும் ரிப்பேர் வியாதிதான் டீச்சர். எதப் பார்த்தாலும் கை தானா சரி பண்ணிரும். அதான் கட்டி வச்சிருக்கேன்." அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கிராணி நடை விளங்கியது. ஷாமினி அடுத்த ஞாயிறு வந்தாள். கடைசி பெஞ்சிலிருந்து அவள் அம்மா கையை உயர்த்தி மரத்தைக் காட்டினதை நானே பார்த்தேன்.

மோசஸ் அண்ணன் அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஷாமினியும் வந்தாள், அம்மாவைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள். அங்கேயே செயலாளர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், "இந்த வருஷம் கடையில வாங்கி மாட்டிருவோம் டீச்சர். அவரு இல்லாம எப்படி?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. பிள்ளைகளோடு உட்கார சபையிலேயே லாயக்கில்லாத ஆள் நான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ரூத் அக்கா, அந்த அழுகையிலும், "கழுவுன டியூப் ரெண்டு வீட்டுல கெடக்கு டீச்சர், ஒங்களுக்குன்னுதான் வச்சிருந்தாரு," என்றார். அதற்குப் பிறகு, வகுப்பை நானே எடுக்கிறேன் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிறு முதல் வகுப்பு நடந்தது. பதினோரு பிள்ளைகள். அவர் பட்டியல்படி எல்லாச் சாமானும் இருந்தது. யோஷினி என்று ஐந்து வயதுப் பிள்ளை, போன வருடம் அவர் மடியை விட்டு இறங்காதவள், ஒரு தேவதூதன் வெட்டினாள். இறக்கை இரண்டையும் இடுப்புக்குக் கீழே ஒட்டப்போனாள். மேலே ஒட்டச் சொல்ல வாயெடுத்தேன். அவளோ பசையைத் தடவிக்கொண்டே நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"டீச்சர், ஏன் மோசஸ் அங்கிள் மாதிரி நிக்கிறீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். என் இரண்டு கையும் பின்னால் இருந்தன. எப்போது கட்டினேன் என்றே தெரியவில்லை. அந்த இரண்டு டியூபும் தீர்ந்துபோனால், அண்ணனிடமிருந்து எனக்கென்று மிச்சம் இருக்கப்போவது அந்த நிற்பு ஒன்றுதான். அது வேறு யாருக்கும் இவ்வளவு தேவைப்படாது. "கை அரிக்குதும்மா, அதான்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டு இறக்கையை இடுப்புக்குக் கீழேயே வைத்து, நன்றாக அமுக்கி ஒட்டினாள்.