ஊசிக்கு மறுநாள்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் நான்தான்; ஆனால் ராஜபாளையத்தில் பாதிப் பேர் அதைப் பரிபூரணத்தின் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். அவர் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். என்னைவிட எட்டு வயது மூத்தவர். என்னை டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டுவார்.

1993இல் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சீனியம்மாளைத் தூக்கி வந்தார்கள். இட்லிக்கடை வைத்திருந்தவள். பம்பு ஸ்டவ் வெடித்துத் தொடை வெந்துவிட்டது. புண் ஆறத் தொடங்கியும் அவள் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். சாப்பாடு வேண்டாம், பிள்ளைகளைப் பார்க்க வேண்டாம். யாராவது தீக்குச்சி உரசினால் உடம்பெல்லாம் நடுங்கும். அவள் கணவர் இருளப்பசாமி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"புண்ணு ஆறிரும் டாக்டர். ஆளு தேறுவாளா?"



கட்டு மாற்றும்போது வலி தெரியாமலிருக்க கெட்டமின் என்ற மயக்க ஊசி போடுவோம். ஐந்து நாளுக்கு ஒருமுறை. மூன்றாவது கட்டுக்குப் பிறகு பரிபூரணம் ஒரு சேதியோடு வந்தார். ஊசி போட்ட மறுநாள் சீனியம்மாள் தலை சீவுகிறாள், காப்பி கேட்கிறாள். மூன்று நாள் போனால் பழையபடி சுவர். ஒவ்வொரு தடவையும் இதே கதைதான் என்றார்.

நான் பெரிய படிப்பு படித்தவன் அல்லவா, சிரித்தேன். காரணம் ஊசியல்ல, நீங்கள்தான் என்றேன். கட்டு மாற்றும் நாளில், விசாரிக்க வந்து மூக்கைச் சிந்தும் சொந்தக்காரர்களை அவர் வார்டுக்குள் விடுவதே இல்லை. அந்த நிம்மதியில் அவள் எழுந்து உட்காருகிறாள், அவ்வளவுதான்.

"அப்படியா? அடுத்த தடவ அம்புட்டுப் பேரையும் உள்ள விட்டுப் பாப்போம்" என்றார்.

விட்டார். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் பதினோரு பெண்கள் கட்டிலைச் சுற்றி நின்று அழுது தீர்த்தார்கள். மறுநாள் காலை, யார் யார் எப்படி அழுதார்கள் என்று சீனியம்மாள் நடித்துக் காட்டினாள். வார்டே சிரித்தது. என் முகத்தில் ஈயாடவில்லை.

ஆனால் புண் கிட்டத்தட்ட ஆறிவிட்டது. அடுத்தது கடைசிக் கட்டு, அதன் பிறகு ஊசி கிடையாது. மனசுக்காக அந்த ஊசியைப் போடலாமென்று நான் எதிலும் படித்ததில்லை, போட்டால் என்ன ஆகுமென்றும் தெரியாது. பரிபூரணமும் அதைக் கேட்கவில்லை. கிடைக்கிற அந்த மூன்று நாளுக்குள் அடுப்பைப் பார்க்க வைத்துவிட வேண்டும் என்றார்.

கடைசிக் கட்டுக்கு மறுநாள் ஆஸ்பத்திரிக் கிணற்றடியில் ஒரு ஸ்டவ்வைக் கொண்டுவந்து வைத்தார். முதலில் சும்மா தொட்டுப் பார்க்கச் சொன்னார். செத்த நேரம் கழித்து மண்ணெண்ணெய் ஊற்றினார். சீனியம்மாளுக்கு வியர்த்துக் கொட்டியது, ஆனால் எழுந்து ஓடவில்லை. தீப்பெட்டியை நீட்டியபோது நான் தடுக்கப் போனேன். அதற்குள் அவள் வாங்கிக்கொண்டாள். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவது பற்றியது. நின்றுகொண்டிருந்த பரிபூரணம் அழுதுவிட்டார்.

பயம் திரும்பி வருமென்று நான் எதிர்பார்த்தேன். நாலாம் நாள் வரத்தான் செய்தது, கை நடுங்கியது. நடுங்கிய கையாலேயே அவள் பற்ற வைத்தாள். ஐந்தாம் நாளும் அப்படியே. ஆறாம் நாள் நான் பார்க்கப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. வராந்தாவில் மூட்டை கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னைய அனுப்பிருங்க டாக்டர். இன்னைக்கு அரிசிய ஊறப் போட்டாத்தான் நாளக்கழிச்சுக் கடையத் தொறக்க முடியும்."