என் மேப்பிள் இலைக்கு வந்த டெங்கி

கடையில் விற்கும் தீபாவளி அட்டை வேண்டாம், இந்த வருடம் கையாலேயே செய்வோம் என்று கிளம்பினேன். இணையத்தில் ரப்பர் முத்திரைகள் வாங்கினேன். வந்ததெல்லாம் இலையுதிர்கால முத்திரைகள்.

மலேசியாவில், எங்கள் கோப்பெங்கில் ஏது இலையுதிர்காலம்? பரவாயில்லை, கலைக்கு ஏது ஊர் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

மூன்று நாள் உட்கார்ந்து நாற்பது அட்டைகளில் மேப்பிள் இலை அடித்தேன். மஞ்சள், ஆரஞ்சு, ஓரத்தில் கொஞ்சம் பழுப்பு. விரலெல்லாம் மை.

முதல் அட்டையை, நான் தினமும் ரொட்டி சானாய் சாப்பிடும் கடை அண்ணனிடம் இன்று காலை கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பப்பாளி எலையா? யாருக்கு டெங்கி?"

"டெங்கி இல்லண்ணே. இது மேப்பிள். குளிர் நாட்டு மரம்."

"ஓ. ஆனா சாறு எடுக்க பச்சை எலைதான் வேணும்லா. இது பழுத்துப் போச்சு."

நான் ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தேன்.

மதியம் அதே கடைக்குச் சோற்றுப் பொட்டலம் வாங்கப் போனேன். கை கழுவும் இடத்தில், கண்ணுக்கு நேராக என் அட்டை ஒட்டியிருந்தது. பெருமை தாங்கவில்லை. படம் எடுக்கலாம் என்று கிட்டே போனேன்.

இலைக்குக் கீழே அண்ணன் பேனாவால் எழுதியிருந்தார்: "வாளியில் தண்ணீர் தேங்க விடாதீர்."

இன்னும் முப்பத்தொன்பது அட்டைகள் இருக்கின்றன. தீபாவளி வாழ்த்து வேண்டுமா, கொசு ஒழிப்பு வேண்டுமா என்று கீழே சொல்லுங்கள். இரண்டுக்கும் ஒரே அட்டைதான்.