கரையில் ஆட்கள் நிற்கிறார்கள்

மோட்டார் சைக்கிள்களையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை எங்கள் பக்கம் பாதை என்பார்கள். அதை ஓட்டுபவரிடம்தான் என் பயணத் திட்டத்தைச் சொன்னேன். வழிகாட்டி யாரும் இல்லாமல், தோணி ஒன்றைப் பிடித்து மூன்று தீவுகளில் பறவை பார்ப்பது என் எண்ணம்.

வெயிலில் கறுத்த, மெலிந்த மனிதர். எஞ்சின் பிடியைக் காலால் அழுத்தியபடி நிற்பார். நடு வாவி வந்ததும் முகம் தீவுகளின் பக்கம் திரும்பிவிடும்.

"பெரிய தீவ முதல்ல வைக்காத பிள்ள," என்றார். "காலைல கூழைக்கடா எல்லாம் மேயப் போயிரும். பின்னேரம்தான் வந்து அடையும். சின்னத் தீவுல தெற்குப் பக்கம் இறங்காத, முதலை ஏறிக் கிடக்கும்."

"அடிக்கடி போவீங்களோ அண்ணன்?"

"ஒருநாளும் போகல்ல. இஞ்ச இருந்து பாக்கிறதுதான்." நாடியை உயர்த்தி எதிர்க்கரையைக் காட்டினார். "ஆக்கள் நிக்கிறாங்களே. நான் போனா இத ஆர் ஓட்டுற?"

அவர் சொன்ன ஒழுங்கிலேயே போனேன். பறவையும் முதலையும் சொன்ன இடத்தில் இருந்தன. மறுநாள் பாதையில் ஏறி, எடுத்த படங்களைக் காட்டினேன். ஃபோனை அவர் வாங்கவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியும். அங்க நிண்டு பாக்கக்குள்ள இந்தப் பாதை எப்பிடித் தெரியுது?"

மூன்று தீவிலும் நின்றேன். ஒரு தடவைகூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கரை வந்ததும் முதல் ஆளாக இறங்கிவிட்டேன்.

இப்போதெல்லாம் பாதையில் ஏறினால், அவர் கண்ணில் படாமல் முன்பக்கத்து ஆட்களுக்கிடையே நின்றுகொள்கிறேன்.